பைபோலாருக்கு அட்மிஷன் போடச் சொல்கிறார்கள்: இன்சூரன்ஸ் எவ்வளவு வரும், எதற்கு வராது?

பெரம்பூர்க்காரி:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவருக்குப் போன வருடம் பைபோலார் (மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்குகிற நோய்) என்று சொன்னார்கள். ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் வேலை, அங்கே கொடுக்கிற குரூப் பாலிசி 5 லட்சம், அதில் நானும் பையனும் சேர்த்தி. இதுவரைக்கும் எல்லாம் ஓபி தான். டாக்டர் ஃபீஸ், மாத்திரை, லித்தியம் என்கிற மருந்தின் அளவு பார்க்கிற ரத்தப் பரிசோதனை, அதோடு தைராய்டு, கிட்னி டெஸ்ட், வாராவாரம் கவுன்சலிங் (ஒரு தடவைக்கு 1,800), எல்லாம் சேர்ந்து மாதம் பத்தாயிரத்தை ஒட்டி வந்துவிடுகிறது. இதில் ஒரு ரூபாய்கூட இன்சூரன்ஸில் திரும்பி வந்ததில்லை. கேட்டால் "ஓபி கவர் ஆகாது மேடம்" என்று ஒரே பதில்.

இப்போது தூக்கமே இல்லாமல், சாப்பாடும் சரியாக எடுக்காமல், நடு ராத்திரியில் பீரோவைத் திறந்து எதையாவது அடுக்கிக்கொண்டு இருக்கிறார். பத்துப் பதினைந்து நாள் உள்ளே வைத்து மருந்தை மாற்றிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்கிறார். ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் கேட்டால் "சைக்கியாட்ரிக்குச் சில பாலிசியில் வரும், சிலதில் வராது, டிபிஏவைக் கேளுங்கள்" என்கிறார்கள். டிபிஏவுக்கு (இன்சூரன்ஸ் கம்பெனிக்காக க்ளெய்ம் பார்க்கிற ஏஜென்சி) போன் போட்டால் "பாலிசி விதிகளுக்கு உட்பட்டது" என்கிறார்கள். எந்த விதி என்று கேட்டால் லைன் கட்.

மாமியார் வேறு, ஆபீஸ் இன்சூரன்ஸில் போடவே வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்துவிடும், கைக்காசைக் கட்டிவிடலாம் என்கிறார். எங்கே இருக்கிறது கைக்காசு. கம்பெனியில் ஆட்குறைப்புப் பேச்சும் ஓடுகிறது. வேலை போனால் இந்த பாலிசியும் போய்விடும், அதற்குப் பிறகு தனியாக எடுக்க முடியுமா, யாராவது தருவார்களா?

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். "எல்லாம் சரியாகிவிடும், தியானம் பண்ணச் சொல்லுங்கள்" பதில்கள் வேண்டாம், ப்ளீஸ்.

---

பழைய_டெஸ்க்:

மேடம், நான் சில வருடம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் டெஸ்க்கில்தான் உட்கார்ந்திருந்தேன். "சில பாலிசியில் வராது" என்று சொன்னவர் பழைய காலத்திலேயே நின்றுவிட்டார்.

2017 மனநல மருத்துவச் சட்டத்தில் பிரிவு 21(4) என்று ஒன்று இருக்கிறது. உடம்பு நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு கொடுக்கிறார்களோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் கொடுக்க வேண்டும் என்று சொல்கிறது. 2018 மே மாதம் அமலுக்கு வந்தது, ஆகஸ்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ எல்லா கம்பெனிக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. 2019-இல், மனநோயைப் பாலிசியில் விலக்காக வைக்கவே கூடாது என்று விதி வந்தது. அப்புறமும் இழுத்தடித்தார்கள், 2022 அக்டோபர் 31-க்குள் எல்லா பாலிசியிலும் சேர்த்தே ஆக வேண்டும் என்று கெடு வைத்தார்கள். ஆக இன்றைய தேதியில் எந்த பாலிசியிலும் "சைக்கியாட்ரி கிடையாது" என்று ஒற்றை வரியில் தட்டிக்கழிக்க முடியாது.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அதே அடிப்படை என்றால் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் எப்படியோ அப்படித்தான். சர்க்கரைக்கு மாதாமாதம் டாக்டரைப் பார்ப்பதற்கு இன்சூரன்ஸ் கொடுக்கிறதா? இல்லை. அட்மிஷன் போட்டு 24 மணி நேரம் தாண்டினால்தான். அதனால்தான் உங்கள் பத்தாயிரம் திரும்பி வரவில்லை. மனநல சிகிச்சையில் முக்கால்வாசி ஓபியிலேயே நடக்கிறது, அதனால் சட்டம் கொடுத்த சமத்துவம் பாதிப் பேருக்குக் கைக்கு எட்டுவதே இல்லை. எனக்கு இதில் ரொம்பக் கோபம் உண்டு, அது இருக்கட்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலான குரூப் பாலிசியில் முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் கிடையாது, முதல் நாளிலிருந்தே கவர். அதனால் அட்மிஷனுக்கு வர வேண்டும். போனில் கேட்காதீர்கள். ஹெச்.ஆரிடமோ டிபிஏ ஆப்பிலோ பாலிசியின் முழு காப்பியை வாங்குங்கள், முதல் பக்கத்து சுருக்கம் போதாது. அதில் பார்க்க வேண்டியது:

அறை வாடகை வரம்பு. இதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். மனநல வார்டு பில்லில் ஆபரேஷன், இம்ப்ளான்ட் எதுவும் கிடையாது, பில்லே அறை வாடகை, நர்சிங், டாக்டர் விசிட் மூன்றும்தான். 5 லட்சத்தில் 1 சதவீதம் என்றால் ஒரு நாளைக்கு 5,000. நீங்கள் 7,000 ரூபாய் அறை எடுத்தால் அந்த 2,000 மட்டும் உங்கள் தலையில் விழும் என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. நர்சிங், டாக்டர் விசிட் எல்லாவற்றையும் 7-க்கு 5 என்ற கணக்கில் வெட்டுவார்கள். மருந்துக்கும் டெஸ்டுக்கும் மட்டும் இந்த வெட்டு கிடையாது. இரண்டு வாரம் தங்கும்போது இது பெரிய தொகை. வரம்புக்குள் வருகிற அறையையே கேளுங்கள்.

அடுத்து, மனநோய்க்குத் தனி உச்சவரம்பு, கோ-பே (பில்லில் ஒரு பங்கை நாமே கட்டுவது) ஏதாவது எழுதியிருக்கிறதா என்று. சில பாலிசியில் எஃப்20, எஃப்31 மாதிரி நோய்க் குறியீட்டு எண்களைப் பட்டியல் போட்டிருப்பார்கள், பைபோலார் எஃப்31.

மூன்றாவது, போகிற இடம் ஆஸ்பத்திரிதானா. சென்னை மாதிரி ஊரில் குறைந்தது 15 படுக்கை, 24 மணி நேர நர்ஸ், டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், அல்லது முறையான பதிவு, இதெல்லாம் இருந்தால்தான் பாலிசி அதை ஆஸ்பத்திரி என்று ஏற்கும். மறுவாழ்வு இல்லம், "கேர் ஹோம்" என்று போர்டு போட்ட இடங்களில் சேர்த்துவிட்டு க்ளெய்ம் போட்டவர்கள் நிறையப் பேர் என் முன்னால் அழுதிருக்கிறார்கள். குடி, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சை தனி விலக்கு, அது இன்னமும் அனுமதிக்கப்பட்ட விலக்குதான்.

திட்டமிட்ட அட்மிஷன் என்றால் இரண்டு மூன்று நாள் முன்னாலேயே கேஷ்லெஸ்ஸுக்கு (இன்சூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டுவது) அனுப்பச் சொல்லுங்கள். 2024 விதிப்படி ஒரு மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும்.

---

அண்ணாநகர்_மேற்கு:

மேலே சொன்னது அத்தனையும் சரி, ஆனால் "வர வேண்டும்" என்பதற்கும் "வரும்" என்பதற்கும் நடுவில் ஒரு காகிதம் இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

என் அம்மாவுக்குக் கடுமையான டிப்ரஷன், அப்பா போனதற்கு அப்புறம். சாப்பிடவே மறுத்து, எடை இறங்கி, அட்மிட் பண்ணினோம். க்ளெய்மை நிராகரித்தார்கள். காரணம் மனநோய் என்று எழுதவில்லை, அது முடியாது என்று அவர்களுக்கும் தெரியும். "அட்மிஷன் முதன்மையாகப் பரிசோதனைக்கும் கண்காணிப்புக்கும் நடந்திருக்கிறது, ஓபியிலேயே பார்த்திருக்கலாம்" என்று எழுதினார்கள். பரிசோதனைக்காக மட்டும் சேர்ந்தால் கிடையாது என்று எல்லா பாலிசியிலும் ஒரு விலக்கு உண்டு, அதற்குள் திணித்துவிட்டார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பார்த்தால் அதில் "அட்மிட்டட் ஃபார் அப்சர்வேஷன்" என்று ஒரு ஜூனியர் டாக்டர் எழுதியிருக்கிறார். நல்ல பையன், அவருக்கு இன்சூரன்ஸ் பாஷை தெரியாது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள்.

அதனால் அட்மிஷன் நோட்டிலேயே ஏன் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்பதை டாக்டர் தெளிவாக எழுத வேண்டும். எத்தனை நாளாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு நிலை, தனக்கோ பிறருக்கோ ஆபத்து உண்டா, ஓபியில் எந்த மருந்தை எந்த அளவில் கொடுத்துப் பலன் இல்லாமல் போனது, இப்போது மாற்றப்போகிற மருந்துக்கு ஏன் தினசரி கண்காணிப்பு வேண்டும். இல்லாததை எழுதச் சொல்லவில்லை, இருப்பதை விடாமல் எழுதச் சொல்லுங்கள். உங்கள் கணவர் லித்தியத்தில் இருக்கிறார் என்றால் ரத்தத்தில் அதன் அளவு கொஞ்சம் ஏறினாலும் விஷம், சரியாகச் சாப்பிடாமல் தண்ணீர் குடிக்காமல் இருப்பவருக்கு இன்னும் ஆபத்து. டாக்டருக்கு இது தெரியும், காகிதத்தில் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

நாங்கள் என்ன செய்தோம் என்றால், டாக்டரிடம் விளக்கக் கடிதம் வாங்கி முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினோம். மசியவில்லை. அப்புறம் காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிற ஆம்பட்ஸ்மன். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது, ஆன்லைனிலும் போடலாம். ஃபீஸ் கிடையாது, வக்கீல் வைக்கவும் கூடாது, அதுவே பெரிய நிம்மதி. கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ போகலாம், நிராகரித்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். 50 லட்சம் வரை அவர்கள் விசாரிக்கலாம். அவர்கள் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், நம்மைக் கட்டுப்படுத்தாது. எங்களுக்குப் பெரும்பகுதி வந்தது.

2021-இல் டெல்லி உயர் நீதிமன்றத்திலும் இதே மாதிரி ஒரு வழக்கு, ஸ்கிசோஅஃபெக்டிவ் கோளாறு என்கிற மனநோய்க்கு ஆன செலவைக் கொடுக்க மறுத்த கம்பெனியைக் கொடுக்கச் சொன்னார்கள். கம்பெனிக்கு எழுதுகிற கடிதத்தில் பிரிவு 21(4)-ஐயும் இந்தத் தீர்ப்பையும் குறிப்பிட்டு எழுதினால் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் தொனி மாறுகிறது.

---

சும்மா_ஒருத்தன்:

வேலை போனால் தனி பாலிசி எடுக்கலாம், சிம்பிள். பைபோலார் என்று ஃபார்மில் எழுதாதீர்கள். எழுதினால் எவனும் தர மாட்டான்.

---

தாம்பரம்_ஏஜென்ட்:

சும்மா ஒருத்தன் சார், சும்மாவே இருந்திருக்கலாம்.

மேடம், இதை மட்டும் செய்யாதீர்கள். மறைத்து எடுத்த பாலிசியில் பைபோலாருக்கு மட்டுமில்லை, நாளைக்கு அவருக்கு அப்பெண்டிக்ஸ் வந்தால்கூடப் பழைய மருந்துச்சீட்டைத் தோண்டி எடுத்து பாலிசியையே ரத்து செய்வார்கள். தொடர்ந்து 60 மாதம் கட்டிவிட்டால் அப்புறம் மறைத்ததைச் சொல்லி க்ளெய்மை மறுக்க முடியாது என்று விதி இருப்பது உண்மை. ஆனால் மோசடி என்று நிரூபித்தால் அந்தப் பாதுகாப்பும் இல்லை, தெரிந்தே மறைத்ததை மோசடி இல்லை என்று நீங்கள்தான் வாதாடி நிற்க வேண்டிவரும். அதுவரை ஐந்து வருடம் வயிற்றில் நெருப்பு.

எழுதினால் என்ன ஆகும்? நேர்மையாகச் சொன்னால் மூன்றில் ஒன்று நடக்கும். ப்ரீமியத்தைக் கூட்டிக் கொடுப்பார்கள், அல்லது காத்திருப்புக் காலம் போட்டுக் கொடுப்பார்கள், அல்லது தர மாட்டோம் என்பார்கள். மனநோயை க்ளெய்மில் விலக்கக் கூடாது என்று விதி இருக்கிறதே தவிர, ஒரு ஆளுக்கு பாலிசி கொடுத்தே ஆக வேண்டும் என்று கம்பெனியைக் கட்டாயப்படுத்த முடிவதில்லை.  ஒருவர் மறுத்தால் இன்னொருவரிடம் போங்கள், மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் இப்போது அதிகபட்சம் 36 மாதம்தான், 2024-க்கு முன்னால் 48 மாதம் வரை வைத்தார்கள்.

ஆனால் உங்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. வேலையில் இருக்கும்போதே, அதாவது குரூப் பாலிசி உயிரோடு இருக்கும்போதே, அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனி பாலிசிக்கு மாறக் கேட்கலாம். குரூப்பில் இருந்த வருடங்களைக் காத்திருப்புக் காலத்தில் கழித்துக்கொள்ள வேண்டும். கடைசி வேலை நாள் முடிந்து ரிலீவிங் லெட்டர் வாங்கின பிறகு போனால் புது ஆள் மாதிரி வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஆட்குறைப்புப் பேச்சு உண்மை என்றால் இந்த வாரமே ஹெச்.ஆரிடம் எந்த கம்பெனி பாலிசி என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கும் பையனுக்கும் தனியாக ஒரு பாலிசி இன்றைக்கே எடுத்துவிடுங்கள், அவருடைய நிலையோடு அதைக் கட்டிப்போட வேண்டாம். தனிநபர் பாலிசி ப்ரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22-இலிருந்து ஜிஎஸ்டி இல்லை, அந்த 18 சதவீதம் மிச்சம். (நான் ஏஜென்ட் என்பதால் விற்கப் பார்க்கிறேன் என்று நினைத்தால் வேறு யாரிடமாவது எடுங்கள், எடுத்தால் சரி.)

---

கீழ்ப்பாக்கம்_லைன்:

எல்லோரும் அட்மிஷனைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்தப் பத்தாயிரத்தைப் பற்றி யாருமே சொல்லவில்லை. அட்மிஷன் இரண்டு வாரம், ஓபி ஆயுசுக்கும்.

முதலில் ஒரு விஷயம். அட்மிஷனுக்கு முன்னால் 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பின்னால் 60 நாள் (சில பாலிசியில் 60-ம் 90-ம், இன்னும் கூடவும் உண்டு) அதே நோய்க்கு ஆகிற செலவு க்ளெய்மில் சேரும். டாக்டர் ஃபீஸ், மாத்திரை, லித்தியம் டெஸ்ட் எல்லாம் சேர்த்தி. நிறையப் பேர் ஆஸ்பத்திரி பில் செட்டில் ஆனதோடு விட்டுவிடுகிறார்கள். இப்போதிலிருந்தே பில், மருந்துச்சீட்டு, ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போடுங்கள். கவுன்சலிங் மட்டும் சிக்கல், சைக்காலஜிஸ்ட் எம்பிபிஎஸ் டாக்டர் இல்லை என்பதால் சில பாலிசியில் தள்ளுவார்கள். சைக்கியாட்ரிஸ்ட் சீட்டில் கவுன்சலிங் பரிந்துரை எழுதி, அதே ஆஸ்பத்திரி பில்லில் வந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடும்.

அடுத்து, ஆபீஸில் இஏபி என்று இலவச கவுன்சலிங் ஏற்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். ஐடி கம்பெனிகளில் நிறைய இருக்கிறது, யாரும் தொடுவதில்லை.

அப்புறம் அரசு ஆஸ்பத்திரி. முகம் சுளிக்க வேண்டாம். கீழ்ப்பாக்கத்தில் இருக்கிற மனநல மருத்துவமனை 1794-இல் தொடங்கினது, நம் ஊரில் அந்தப் பெயரை வைத்துப் பண்ணாத கிண்டல் இல்லை, ஆனால் அங்கே ஓபியும் மருந்தும் இலவசம், பார்ப்பவர்கள் அனுபவசாலிகள். பயமாக இருந்தால் ஜி.ஹெச்., ஸ்டான்லி, கேஎம்சி (கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி) மூன்று அரசு ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு உண்டு, பொது ஓபி கூட்டத்தில் நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று யாருக்கும் தெரியாது. காலை சீக்கிரம் போக வேண்டும், உட்கார இடம் கிடைக்காது, டாக்டர் உங்களோடு அரை மணி நேரம் பேச மாட்டார். என் தம்பிக்கு நாங்கள் செய்வது இரண்டும் கலந்து: மூன்று மாதத்துக்கு ஒரு முறை தனியாரில் அவருடைய பழைய டாக்டர், நடுவில் மருந்து அரசு ஆஸ்பத்திரியில். தனியார் டாக்டரிடம் மறைக்காமல் சொன்னோம், அவரே அங்கே கிடைக்கிற மருந்தாகப் பார்த்து எழுதுகிறார். ஸ்கிசோஃப்ரினியா மாதிரி என்றால் அண்ணா நகர் பக்கம் ஸ்கார்ஃப் என்கிற மனநலத் தொண்டு நிறுவனம் இருக்கிறது, 1984-இலிருந்து நடக்கிறது.

வெளியில் வாங்கினால் மக்கள் மருந்தகத்தில் விலை கேட்டுப் பாருங்கள். ஆனால் லித்தியத்தில் டாக்டரைக் கேட்காமல் பிராண்ட் மாற்ற வேண்டாம்.

நடு ராத்திரியில் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிற நேரத்துக்கு 14416, டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். தமிழில் பேசுவார்கள், காசு இல்லை. உங்களுக்காகவும் கூப்பிடலாம், அவருக்காக மட்டும் இல்லை.

---

பெரம்பூர்க்காரி:

எல்லோருக்கும் நன்றி. முழு பாலிசியை ஆப்பில் தேடி எடுத்தேன். அறை வாடகை 1 சதவீதம்தான், பழைய_டெஸ்க் சார் சொன்ன மாதிரியே. மனநோய்க்குத் தனி வரம்பு எதுவும் கண்ணில் படவில்லை. அட்மிஷன் நோட்டில் இதெல்லாம் எழுதச் சொல்லி டாக்டரிடம் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனால் கேட்டேன், "நிறையப் பேர் கேட்கிறார்கள்மா" என்று சிரித்துவிட்டு எழுதிக்கொடுத்தார்.

மாமியார் கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லையே. ஆபீஸுக்குத் தெரியுமா தெரியாதா?

அப்புறம் வார்டில் கூடவே ஒரு ஆள் இருக்க வேண்டும் என்கிறார்கள். பையனை விட்டுவிட்டு என்னால் முழு நேரமும் இருக்க முடியாது. ஆஸ்பத்திரியே அட்டெண்டர் தருகிறதாம், அதற்குத் தினக் கட்டணம். அது பில்லில் வருமா?

---

பழைய_டெஸ்க்:

அட்டெண்டர் காசு வராது மேடம். கேஷ்லெஸ்ஸில் கிடைக்காத பட்டியலில் அட்டெண்டர் கட்டணமும் கூட இருப்பவர் சாப்பாடும் எப்போதும் இருக்கும். மனநல வார்டில் கையிலிருந்து போகிற பெரிய காசு இதுதான், இதற்கென்று தனியாக எடுத்து வையுங்கள். மைத்துனர், அத்தை யாராவது பகலில் முறை வைத்து இருக்க முடியுமா பாருங்கள்.

ஆபீஸ் விஷயம்: நோயின் பெயர் ஆஸ்பத்திரிக்கும் டிபிஏவுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரியும், தெரியாமல் க்ளெய்ம் நடக்காது. நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று அதே 2017 சட்டத்தில் பிரிவு 23 சொல்கிறது. பெரிய கம்பெனிகளில் ஹெச்.ஆருக்குப் போவது பொதுவாக மொத்தக் கணக்குதான். சின்ன கம்பெனியில் ஹெச்.ஆர். பையனே பேப்பர் வாங்கி அனுப்புவான், அங்கேதான் கசியும். அதனால் பேப்பர் எதையும் ஹெச்.ஆர். கையில் கொடுக்காதீர்கள், ஆஸ்பத்திரியிலிருந்து நேராக டிபிஏ, பின்னால் போடுகிற பில்களும் ஆப் வழியாகவே. லீவுக்கு சர்டிபிகேட் கேட்டால் "மருத்துவ ஓய்வு" என்று மட்டும் எழுதித் தரச் சொல்லலாம், டாக்டர்கள் தருவார்கள். மாமியாரிடம் ஒன்று சொல்லுங்கள், இரண்டு வார பில்லைக் கடன் வாங்கிக் கட்டினால் அது ஆபீஸுக்கு இல்லை, சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு இன்னொன்று. ஃபைனல் பில் அனுப்பி 3 மணி நேரத்துக்குள் இன்சூரன்ஸ்காரர்கள் முடிக்க வேண்டும், அதற்கு மேல் ஆகி ஆஸ்பத்திரி கூடுதலாகக் கேட்டால் அதை அவர்களே ஏற்க வேண்டும். ஆனால் அந்த 3 மணி நேரம் ஆஸ்பத்திரி பில்லை அனுப்பினதிலிருந்துதான் ஓடும். டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்து சரி என்றதும் டெஸ்க்கில் போய் நின்று அனுப்ப வையுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டால் சாயங்காலம் ஆகிவிடும்.

---

அண்ணாநகர்_மேற்கு:

அனுப்புவதற்கு முன்னால் டிஸ்சார்ஜ் சம்மரியை ஒரு தடவை வாங்கிப் படித்துவிடுங்கள். "அப்சர்வேஷன்" இருந்தால் அங்கேயே நின்று டாக்டரிடம் பேசிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.